எண்ணூறு இசைத்தட்டுகள்

கற்றவன் தன் கல்வியை அவையின் முன் கொண்டுவந்து வைக்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. அதனை நம் முன்னோர் அரங்கேற்றம் என்றனர். அந்த நாள் எப்போது வர வேண்டும்? விரைந்து வந்தால் பயிற்சி போதாமையால் பழி நேரும். மிகக் காலம் தாழ்ந்து வந்தால் ஊக்கம் வற்றிப் போகும். இது பாட்டும் பரதமும் பயில்வோர்க்கு மட்டும் உரிய கேள்வி அன்று. எழுதுகோல் பிடிப்போர்க்கும், பேச்சு மேடை ஏறுவோர்க்கும், கையில் பாடக்குறிப்புடன் வகுப்பறையில் முதன்முதலாக நிற்கும் பயிற்சி ஆசிரியர்க்கும் உரிய கேள்வியே ஆகும்.

இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்றவர் அமெரிக்க நாட்டுப் பியானோக் கலைஞரும் இசையமைப்பாளருமான பில் எவன்ஸ். 1956ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், தம் 27ஆம் வயதில், இரு துணைக் கலைஞர்களோடு அவர் தம் பெயரில் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். முதல் ஆண்டில் அது ஏறத்தாழ 800 படிகளே விற்றது. வணிகக் கணக்கில் அது தோல்வி. ஆயினும் அந்த எண்ணூறு தட்டுகளுக்குப் பின்னால் இருபது ஆண்டுகாலப் பயிற்சி இருந்தது. முன்னால், பியானோ மூவர் குழுவின் போக்கையே மாற்றப்போகும் எதிர்காலம் இருந்தது. அந்தப் பயணத்தை அறிந்துகொள்வது கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் பயன் தருவதாகும்.

ஜாஸ் என்னும் கலை

ஜாஸ் என்பது அமெரிக்காவின் கறுப்பின மக்கள் உலகிற்கு வழங்கிய இசை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருப்பெற்று, சிகாகோ, நியூயார்க் முதலிய பெருநகரங்களுக்குப் பரவியது. இவ்விசையில் பெரும்பாலும் ஒரு பாடலின் மெட்டை முதலில் இசைப்பர். பின்னர், அம்மெட்டிற்கு அடித்தளமாக அமைந்த சுரக்கூட்டுகளின் வரிசையைப் பற்றிக்கொண்டு, அந்தக் கணத்தில் உள்ளத்தில் எழும் கற்பனையை இசையாக்குவர். நம் இசையரங்குகளில் மனோதர்மம் என்று கூறுவதை நினைவிற் கொண்டால் இதன் இயல்பு ஓரளவு விளங்கும்.

ஜாஸ் இசையில் மூவர் குழு என்பது தனிச்சிறப்புடைய அமைப்பு. பியானோ ஒன்று, பாஸ் எனப்படும் ஆளுயர நரம்புக் கருவி ஒன்று, டிரம்ஸ் எனப்படும் முரசுத் தொகுதி ஒன்று. இவை மூன்றே. டிரம்பெட், சாக்சபோன் முதலிய ஊது கருவிகள் இல்லை. மெட்டும் சுரக்கூட்டும் கற்பனையும் பெரும்பாலும் பியானோக் கலைஞரின் இரு கைகளையே நம்பி நிற்கின்றன. ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை. கற்றது எவ்வளவு, கல்லாதது எவ்வளவு என்பது சில நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும். ஆதலால், மூவர் குழுவின் தலைவராக முதல் தட்டை வெளியிடுவது உண்மையான அரங்கேற்றமே ஆகும்.

தம்பியின் இளமை

பில் எவன்ஸ் 1929ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள், நியூ ஜெர்சி மாநிலத்தின் பிளெயின்ஃபீல்டு நகரில் பிறந்தார். தந்தை வேல்ஸ் வழிவந்தவர். தாய் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். பில்லுக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவர் பெயர் ஹாரி.

அண்ணனுக்கே முதலில் பியானோ கற்பிக்க ஏற்பாடு செய்தனர். தம்பி சிறுவன், அவனுக்கு வயது போதாது என்று கருதினர். ஆனால் அண்ணன் பயின்றவற்றைக் காதால் கேட்டே தம்பி பியானோவில் இசைக்கத் தொடங்கினான். அதன்பின் தம்பிக்கும் பாடம் தொடங்கப்பட்டது. அவர்களுக்கு வாய்த்த ஆசிரியை, தொடக்கத்திலேயே கடுமையான சுர வரிசைப் பயிற்சிகளால் குழந்தைகளை வருத்தவில்லை. இசையைப் படித்து இன்புறும் வழியைக் காட்டினார். அதனால், எழுதி வைத்த இசையைப் பார்த்த மாத்திரத்தில் இசைக்கும் ஆற்றல் பில்லுக்கு விரைவில் கைவந்தது. பிற்காலத்தில் அந்த ஆசிரியையை அவர் அன்போடு நினைவுகூர்ந்தார். பயிற்சி வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. சுவையை முன்னே காட்டினால் பயிற்சியை மாணவன் தானே தேடிச் செல்வான் என்பதே இதன் பொருள்.

பியானோவோடு வயலினும் புல்லாங்குழலும் சிறுவன் பயின்றான். வில்லால் இழைக்கும் வயலினிலும் மூச்சால் ஊதும் குழலிலும் ஓசை தொடர்ந்து நீளும். பியானோவில் தட்டியவுடன் ஓசை தேயத் தொடங்கும். தேயும் ஓசையைப் பாடும் ஓசையாக மாற்றும் வித்தை பிற்காலத்தில் எவன்ஸின் தனி அடையாளமாயிற்று. அதற்கான விதை அந்த இளம்பருவப் பயிற்சியிலேயே விழுந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு வயதளவில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. உள்ளூர் நடனக் குழு ஒன்றில் அண்ணனுக்குப் பதிலாகப் பில் பியானோ இசைக்கச் சென்றான். அதுவரை தாளில் அச்சிட்டிருப்பதை அப்படியே இசைப்பவன் அவன். ஒருநாள் 'டக்சிடோ ஜங்ஷன்' என்னும் பாடலை இசைக்கும்போது, தாளில் இல்லாத ஒரு சிறு ஒலியைத் தானாகச் சேர்த்துப் பார்த்தான். மிகச் சிறிய மாற்றந்தான். ஆனால் பிறர் எழுதாத ஒன்றைத் தான் இசைத்துவிட்டோம் என்ற எண்ணம் அவனுக்குப் பெரும் கிளர்ச்சியைத் தந்தது. இசை என்பது படித்து ஒப்பிப்பது மட்டும் அன்று, சிந்திப்பதும் ஆகும் என்ற உண்மை அன்று அவனுக்குப் புலனாயிற்று. பாடநூலில் இல்லாத ஒரு சொல்லைத் தன் கட்டுரையில் முதன்முதலாக எழுதிப் பார்க்கும் மாணவனின் மகிழ்ச்சியும் இத்தகையதே அன்றோ?

கல்லூரியும் படைமுகாமும்

1946ஆம் ஆண்டில், புல்லாங்குழலுக்காகக் கிடைத்த உதவித்தொகையுடன் எவன்ஸ் தெற்கே லூசியானா மாநிலத்திற்குச் சென்றார். அங்குள்ள தென்கிழக்கு லூசியானாக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் பயின்று 1950இல் பட்டம் பெற்றார். பியானோவோடு இசைக் கல்வியும் அவருடைய பாடமாக இருந்தது. அதாவது, இசை ஆசிரியராகும் தகுதியும் அவர்க்கு இருந்தது. பாக், பீத்தோவன், டெபுசி, ராவெல் முதலிய ஐரோப்பிய மேதைகளின் படைப்புகளைக் கற்றுக்கொண்டே, மாலை வேளைகளில் ஜாஸ் குழுக்களிலும் இசைத்தார். 'வெரி எர்லி' என்னும் அவருடைய அழகிய இசைப்படைப்பு அக்கல்லூரிக் காலத்தில் பிறந்ததே. மண்டெல் லோ என்னும் கிதார்க் கலைஞரின் நட்பும் அக்காலத்தில் வாய்த்தது. இந்த நட்பு பின்னால் எத்தகைய பயனைத் தந்தது என்பதைப் பிறகு காண்போம்.

பட்டம் பெற்றபின் சில திங்கள் ஓர் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்றார். 1951இல் கட்டாயப் படைப்பணிக்கு அழைப்பு வந்தது. சிகாகோ நகருக்கு அருகிலுள்ள ஷெரிடன் கோட்டையில், படையின் இசைக்குழுவில் மூன்றாண்டு பணியாற்றினார். அந்த மூன்றாண்டு அவர்க்குத் துன்பமான காலம். அங்கு அவருடைய இசைக்கும் இயல்புக்கும் எதிராக எழுந்த குறைகூறல் அவர் உள்ளத்தை ஆழமாகப் புண்படுத்தியது. தாம் இதுவரை கற்றதே தவறோ என்று ஐயுறும் நிலைக்கு அவர் ஆளானார்.

மென்மையான உள்ளம் உடைய மாணவர்கள் எல்லா வகுப்புகளிலும் உண்டு. அவர்களுடைய திறமை ஒரு கடுஞ்சொல்லால் சுருண்டுவிடும். குறை கூறியவர் அதனை அடுத்த நாளே மறந்துவிடுவார். கேட்டவர் ஆண்டுக்கணக்கில் சுமப்பார். எவன்ஸ் அவ்வாறு சுமந்தவர். அவர் மீண்டெழுந்த முறைதான் நம் கருத்திற்குரியது.

1954இன் தொடக்கத்தில் படையிலிருந்து விடுபட்டதும், அவர் உடனே நியூயார்க்கின் மேடைகளைத் தேடி ஓடவில்லை. பெற்றோரின் இல்லத்திற்குத் திரும்பினார். அங்கே பியானோவை வைத்துக்கொண்டு ஏறத்தாழ ஓராண்டு தனிமையில் பயின்றார். இழந்த நம்பிக்கையைப் பிறரிடம் வாதாடிப் பெற முயலவில்லை. கையின் வேலையால் அதனைத் தமக்குள்ளேயே மீண்டும் கட்டினார்.

அவருடைய கற்கும் முறையிலும் ஒரு தனித்தன்மை இருந்தது. பட் பவல், லெனி டிரிஸ்டானோ, ஹொரஸ் சில்வர், நாட் கிங் கோல் எனப் பல கலைஞர்களின் இசையை அவர் ஆழ்ந்து கேட்டார். ஆனால் எந்த ஒருவரையும் அப்படியே நகல் எடுக்கவில்லை. ஒருவரிடம் பிடித்த ஒன்றைக் கேட்டால், அது ஏன் அவ்வாறு இனிக்கிறது என்று ஆராய்ந்து, அதன் உள்ளமைப்பை மட்டும் எடுத்துக்கொள்வார். இவ்வாறு பலரிடம் பெற்றவற்றைத் தம் அறிவில் ஒன்றாக்கித் தம்முடையதாக்கிக் கொண்டார். நகல் எடுத்தவன் விரைவில் மேடை ஏறலாம். உள்ளமைப்பை ஆராய்ந்தவன் தாமதமாகவே ஏறுவான். ஆனால் அவன் ஏறும்போது பிறருடைய குரல் கேளாது. அவன் குரலே கேட்கும்.

நியூயார்க் நகரில்

1955ஆம் ஆண்டில் எவன்ஸ் நியூயார்க் நகரில் குடியேறினார். மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியில் ஒரு சிறு குடியிருப்பு. பகலில் மேனஸ் இசைக் கல்லூரியில் இசையமைப்புக் கலையில் மேற்படிப்பு. இரவில் திருமண விருந்துகளிலும் நடன மண்டபங்களிலும் கூலிக்கு இசைக்கும் தொழில். பட்டம் பெற்று ஐந்தாண்டு கழித்து மீண்டும் மாணவராக அமர்வதற்கு அவர் நாணவில்லை.

அக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. நியூயார்க்கின் ஏழாம் அவென்யூவில், நிலத்தடி அறையொன்றில் இயங்கும் புகழ்பெற்ற இசைக்கூடம் வில்லேஜ் வான்கார்டு. அங்கே மாடர்ன் ஜாஸ் குவார்டெட் என்னும் பெயர்பெற்ற நால்வர் குழு இசைத்த நாள்களில், அவர்களின் இடைவேளையில் தனியாகப் பியானோ இசைக்கும் வாய்ப்பு எவன்ஸுக்குக் கிடைத்தது. இடைவேளைக் கலைஞனை யார் பொருட்படுத்துவர்? ஆயினும் ஒருநாள் இசைத்துக்கொண்டே தலைநிமிர்ந்தபோது, டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் நின்று கேட்டுக்கொண்டிருப்பதை அவர் கண்டார். கேட்பார் இல்லை என்று எண்ணி அவர் கையைத் தளர்த்தியிருந்தால், அந்த ஒரு செவிக்கு எதுவும் எட்டியிராது. யார் எப்போது கேட்பர் என்பதைக் கலைஞன் அறிய முடியாது. ஆதலால் எப்போதும் நன்றாக இசைப்பதே அவன் கடமை.

தொலைபேசியில் ஒலித்த பியானோ

இனி, மண்டெல் லோவின் நட்பு தந்த பயனைக் காண்போம். ஆரின் கீப்நியூஸ், பில் கிரவர் என்னும் இருவர் 1953இல் ரிவர்சைடு என்ற சிறு இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தனர். எவன்ஸ் தம் இசையை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். அந்த நாடாவைத் தாமே எடுத்துச் சென்று நிறுவனங்களின் வாயிலில் நிற்கும் இயல்பு அவரிடம் இல்லை. நண்பர் லோ ஒன்று செய்தார். ரிவர்சைடு நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்து, ஒலிவாங்கியருகே நாடாவை ஓடவிட்டார். அக்காலத் தொலைபேசியின் கரகரப்பையும் மீறி அந்தப் பியானோவின் தனித்தன்மை மறுமுனையில் இருந்தோர்க்கு விளங்கியது. நேரில் கேட்க விரும்பினர், கேட்டனர், பதிவு செய்ய முன்வந்தனர்.

இப்போது தயங்கியவர் நிறுவனத்தார் அல்லர், எவன்ஸே! தாம் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று அவர் எண்ணினார். இளங்கலைஞர்கள் நிறுவனங்களை வேண்டி நிற்பதுதான் உலக வழக்கம். இங்கோ நிறுவனத்தார் கலைஞரை வேண்டிப் பேசி இசையவைக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அடக்கம் வேறு, அச்சம் வேறு. ஆனால் இரண்டும் ஒரே உடையில் வரும். 'இன்னும் கொஞ்சம் கற்றபின்' என்று கூறுபவன் அடக்கத்தால் கூறுகிறானா, அச்சத்தால் கூறுகிறானா என்பதை அவனே அறிவது அரிது. அருகில் இருப்போர்தாம் அதனை உணர்ந்து, தக்க நேரத்தில் முதுகில் கை வைத்து மேடைக்கு அனுப்ப வேண்டும். படைமுகாமில் யாரோ கூறிய சொற்கள் எவன்ஸைச் சுருக்கின. நியூயார்க்கில் நண்பர் செய்த ஒரு தொலைபேசி அழைப்பும், பதிப்பாளர் காட்டிய நம்பிக்கையும் அவரை விரித்தன. ஆசிரியப் பணி செய்வோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

செப்டம்பர்த் திங்களின் இரு நாள்கள்

பதிவு 1956 செப்டம்பரில் நியூயார்க்கில் நடைபெற்றது. பாஸ் இசைத்தவர் டெடி கோடிக். சார்லி பார்க்கர் என்னும் பெருங்கலைஞரோடு பணியாற்றிய அனுபவம் உடையவர். டிரம்ஸ் இசைத்தவர் பால் மோஷன். எவன்ஸைவிட இரண்டு வயது இளையவர். இந்த மோஷன் பின்னர்ப் பல ஆண்டுகள் எவன்ஸின் பயணத்தில் உடன் வந்தார். தட்டிற்கு 'நியூ ஜாஸ் கன்செப்ஷன்ஸ்' என்று பெயரிட்டனர். ஜாஸ் இசையில் புதிய கருத்துகள் என்பது அதன் பொருள்.

தட்டில் பதினொரு பாடல்கள் உள்ளன. ஏழு பிறருடைய படைப்புகள். டியூக் எலிங்டன், கோல் போர்ட்டர், கர்ட் வைல் முதலியோரின் பாடல்கள் அவற்றுள் அடங்கும். எஞ்சிய நான்கும் எவன்ஸின் சொந்தப் படைப்புகள். 'ஃபைவ்' என்பது தாள எண்ணிக்கையோடு விளையாடும் துடிப்பான இசை. 'டிஸ்ப்ளேஸ்மென்ட்' என்னும் சொல்லுக்கு இடம்பெயர்தல் என்பது பொருள். அதில் அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் விழாமல், சற்றே விலகி விழுந்து கேட்போரை வியப்பில் ஆழ்த்தும். 'நோ கவர், நோ மினிமம்' என்பது புளூஸ் வகையைச் சேர்ந்தது. நான்காவது, 'வால்ட்ஸ் ஃபார் டெபி'.

இந்த நான்காவது படைப்பைப் பற்றித் தனியே கூற வேண்டும். அண்ணன் ஹாரி இசையாசிரியராகப் பணியேற்று லூசியானாவில் குடும்பத்துடன் வாழ்ந்தார். அவருடைய சிறுமகள் டெபி. அக்குழந்தைக்காகச் சிற்றப்பா எழுதிய இசை இது. மூன்று மூன்றாக எண்ணி நடக்கும் வால்ட்ஸ் நடையில், ஒரு குழந்தையின் விளையாட்டைப் போலத் தொடங்கித் தொட்டுத் தொட்டுச் செல்லும். மூவர் குழுவின் தட்டாயினும் இதனை எவன்ஸ் பாஸும் டிரம்ஸும் இன்றித் தனியாகவே இசைத்தார். அளவு ஒன்றரை நிமிடத்திற்கும் குறைவு. கற்பனை விரிவு இல்லை. வேகக் காட்சி இல்லை. மெட்டைச் சொல்லி முடித்துவிடுகிறார். முதல் தட்டு வெளியிடும் இளங்கலைஞன் தன் திறமை அனைத்தையும் கொட்டிக் காட்ட விரும்புவது இயற்கை. எவன்ஸோ, சொல்ல வேண்டியது இவ்வளவே என்று அறிந்து கையை எடுத்துவிட்டார். எங்கே நிறுத்துவது என்பதை அறிதலும் கல்வியின் பகுதியே ஆகும்.

தட்டைக் கேட்ட திறனாய்வாளர் சிலர் பாராட்டி எழுதினர். இசைக் கலைஞர்களிடையே அவர் பெயர் பரவியது. ஆனால் கடைகளில் வாங்குவோர் இல்லை. முதல் ஆண்டில் சற்றேறக்குறைய 800 தட்டுகள், அவ்வளவே.

மீண்டும் காத்திருத்தல்

பதிப்பாளர் கீப்நியூஸ் தளரவில்லை. அடுத்த தட்டைப் பதிவு செய்வோம் என்றார். எவன்ஸ் உடன்படவில்லை. புதிதாகச் சொல்வதற்குத் தம்மிடம் ஒன்றும் இல்லை என்பதே அவர் கூறிய காரணம். இருபத்தேழு திங்கள் கழிந்த பின்னரே, 1958 டிசம்பரில், தம் பெயரில் இரண்டாம் தட்டைப் பதிவு செய்தார்.

முன்னர்க் காட்டிய தயக்கத்திற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. முதலில் தயங்கியபோது அவரிடம் சொல்வதற்குப் பொருள் இருந்தது, துணிவு இல்லை. இப்போதோ, சொல்லியதையே திரும்பச் சொல்ல அவர் விரும்பவில்லை. முன்னையது அச்சம், பின்னையது நேர்மை. இடைப்பட்ட காலத்தில் அவர் சோம்பி இருக்கவும் இல்லை. ஜார்ஜ் ரசல் என்னும் இசையறிஞரின் புதுமைப் படைப்புகளை இசைத்தார். 1958இல் மைல்ஸ் டேவிஸ் தம் அறுவர் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார். இடைவேளையில் நின்று கேட்ட செவி மறக்கவில்லை போலும்! அக்குழுவில் கறுப்பினத்தவர் அல்லாதவர் அப்போது எவன்ஸ் ஒருவரே. அதனால் சில இடங்களில் கேட்போரின் முணுமுணுப்பையும் அவர் பொறுக்க வேண்டியிருந்தது. சில திங்களில் குழுவை விட்டு விலகினாலும், 1959இல் 'கைண்ட் ஆஃப் புளூ' என்னும் தட்டைப் பதிவு செய்ய டேவிஸ் அவரையே மீண்டும் அழைத்தார். ஜாஸ் வரலாற்றில் மிகுதியாக விற்பனையான தட்டுகளுள் அது ஒன்றாயிற்று.

இரண்டாம் தட்டின் அட்டையில், மைல்ஸ் டேவிஸ் உள்ளிட்ட நான்கு கலைஞர்களின் பாராட்டுரைகளைப் பதிப்பாளர் அவர்தம் கையொப்பங்களோடு அச்சிட்டார். அதைக் கண்ட எவன்ஸ், தம் தாயாரிடமும் ஒரு பாராட்டுரை வாங்கியிருக்கலாமே என்று வேடிக்கையாகக் கேட்டாராம். அத்தட்டில் 'பீஸ் பீஸ்' என்னும் படைப்பு உள்ளது. இடக்கை, தொடக்கம் முதல் முடிவு வரை, எளிய இரண்டு சுரக்கூட்டுகளையே மாறி மாறி இசைக்கிறது. அந்த அமைதியான தரையின் மேல் வலக்கை மெல்ல மெல்ல வானத்தைக் கட்டுகிறது. முதல் தட்டை விரைந்து பின்தொடர்ந்திருந்தால் இது பிறந்திருக்குமோ என்பது ஐயமே.

பின்னர் ஸ்காட் லஃபாரோ என்னும் இளம் பாஸ் கலைஞரும் மோஷனும் சேர்ந்த மூவர் குழு அமைந்தது. அதுவரை பாஸும் டிரம்ஸும் பியானோவுக்குப் பணிவிடை செய்வனவாகவே பெரும்பாலும் இருந்தன. இக்குழுவிலோ மூவரும் ஒருவரோடொருவர் உரையாடினர். 1961 ஜூன் 25ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வில்லேஜ் வான்கார்டில் இசைத்ததைப் பதிவு செய்தனர். ஆம், இடைவேளைக் கலைஞனாக ஒருகாலத்தில் எவன்ஸ் அமர்ந்த அதே நிலத்தடி அறை! அன்று இசைத்தவற்றுள் ஒன்று 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. முதல் தட்டில் ஒரு நிமிடச் சிறு மலராக இருந்தது, இப்போது மூவரின் கைகளில் முழு மரமாக வளர்ந்திருந்தது. அந்தப் பெயரிலேயே தட்டும் வெளிவந்தது. எண்ணூறு பேரின் கைக்கு மட்டும் எட்டிய விதை இன்று உலகெங்கும் பியானோ மாணவர்களின் விரல்களில் வாழ்கிறது.

அந்த ஞாயிறு கழிந்த பதினோராம் நாள் லஃபாரோ கார் விபத்தில் உயிர் நீத்தார். அவருக்கு வயது 25. அந்த இழப்பால் எவன்ஸ் பல திங்கள் பொதுமேடையில் இசைக்கவில்லை. அவர் வாழ்வில் இருளும் உண்டு. போதைப் பழக்கம் அவரைப் பல்லாண்டு வாட்டி வதைத்தது. கலையில் அவர் காட்டிய ஒழுங்கை உடலைப் பேணுவதில் காட்ட இயலாமற்போனது பெருந்துயரம். இதனை மறைத்துக் கூறுவது கற்போர்க்குச் செய்யும் நன்மை ஆகாது.

அண்ணனும் தம்பியும்

1966ஆம் ஆண்டில் 'யுனிவர்சல் மைண்ட் ஆஃப் பில் எவன்ஸ்' என்னும் ஆவணப்படம் ஒன்று எடுக்கப்பட்டது. அதில் பள்ளி இசையாசிரியரான அண்ணன் ஹாரி கேள்வி கேட்கிறார். உலகப் புகழ்பெற்ற தம்பி விடை கூறுகிறார். பியானோ அருகில் இருக்கிறது. கற்பது எப்படி, கற்பிப்பது எப்படி என்பதே பேச்சின் பொருள்.

எவன்ஸ் அதில் கூறும் கருத்தின் சாரம் இது: கற்போர் பலர் முழுமையான கலையின் தோற்றத்தைக் கண்டு மயங்கி, அதனை ஏறத்தாழப் போலச் செய்ய முயல்கின்றனர். தெளிவில்லாத பெரிய ஒன்றைத் தொட முயல்வதால் எதுவும் அவர்களுடையதாவதில்லை. குழப்பத்தின் மேல் கட்டிய கட்டடம் உயர உயரக் குழப்பமே உயரும். மாறாக, மிக எளிய ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதனை ஐயமின்றி, உண்மையாக, முழுமையாகச் செய்ய வேண்டும். அது தன்னியல்பாகக் கைவந்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். இவ்வாறு கூறிவிட்டு ஒரு பாடலை இருவகையாக இசைத்துக் காட்டுகிறார். எளிமையாயினும் தெளிவாக இசைப்பது ஒன்று; பகட்டாக, ஆனால் மங்கலாக இசைப்பது மற்றொன்று. இசையறியாதவர்க்கும் வேறுபாடு விளங்கிவிடுகிறது.

அவருடைய அரங்கேற்றத்தின் கதையை அறிந்தவர்க்கு இக்கருத்து வெறும் அறிவுரையாகத் தோன்றாது. தாளில் இல்லாத ஒற்றை ஒலியைச் சேர்த்த சிறுவன், பெற்றோர் இல்லத்தில் ஓராண்டு தனித்திருந்த இளைஞன், ஒன்றரை நிமிடத்திற்குள் ஒரு மெட்டைச் சொல்லி முடித்த கலைஞன், சொல்லப் பொருளில்லை என்று இருபத்தேழு திங்கள் காத்திருந்த மனிதன் ஆகிய எல்லாரும் அந்தப் பேச்சின் பின்னால் நிற்கின்றனர்.

வகுப்பறையில் பாடத்திட்டத்தை முடிக்கும் விரைவில், பத்துப் பாடங்களை ஏறத்தாழ அறிந்த மாணவர்களை உருவாக்குவது எளிது. ஒரு பத்தியைப் பிழையின்றித் தன் சொல்லில் எழுதத் தெரிந்த மாணவனை உருவாக்குவது அரிது. ஆனால் அந்த ஒரு பத்தியின் மேல்தான் அடுத்த பத்தி நிற்கும். அதனை எழுதிய மாணவன் கூசி நிற்கும் வேளையில், அவனை அழைத்து அவைமுன் நிறுத்தும் கடமையும் ஆசிரியர்க்கு உண்டு. கீப்நியூஸ் வற்புறுத்தாதிருந்தால் அந்த எண்ணூறு தட்டுகளும் இல்லை.

1979இல் அண்ணன் ஹாரி மறைந்தார். அடுத்த ஆண்டு, 1980 செப்டம்பர் 15ஆம் நாள், தம் 51ஆம் வயதில் பில் எவன்ஸும் மறைந்தார். லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில், அண்ணனின் அருகிலேயே தம்பியை அடக்கம் செய்தனர். அண்ணன் பெற்ற பாடத்தைக் காதால் கேட்டுக் கற்கத் தொடங்கிய தம்பி அவர். உலகம் அவரைக் கலைஞர் என்று கொண்டாடுகிறது. அண்ணனை அறிந்தோர் சிலரே. ஆயினும் அந்தத் தம்பியைத் தம் முன் அமர்த்தி, அவர் கற்ற வழியைக் கேள்விகளால் வெளிக்கொணர்ந்து உலகிற்கு வைத்துப் போனவர் அந்தப் பள்ளி ஆசிரியரே ஆவார்.